டார்ச்லைட்டுக்குப் போடும் காசு, கத்திக்குப் போடும் காசு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், போன் உறையும் சார்ஜரும் விற்கும் கடைகளில் டார்ச்லைட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். தலையை முன்னால் இழுத்தால் ஒளி குவியும், உள்ளே தள்ளினால் பரவும். விலை 15 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியில் 90,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சடித்திருப்பார்கள். அங்கேயே நின்று ஷோப்பி இணையக் கடையைத் திறந்து பார்த்தால், அதே நீளத்தில் அதே பருமனில் இன்னொரு டார்ச்லைட் 450 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதில் போட்டிருப்பதோ வெறும் 1,500 லூமன். கத்தியிலும் இப்படித்தான். 12 வெள்ளிக்கும் மடக்குக் கத்தி இருக்கிறது, 1,800 வெள்ளிக்கும் இருக்கிறது. மடக்கி வைத்தால் இரண்டும் ஒரே அளவு.

விலை உயர்ந்ததை வாங்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு பொருளுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. டார்ச்லைட்டில் உள்ளே இருக்கும் மின்சுற்றும் பேட்டரியும் எப்படி அமைந்ததோ அப்படித்தான் அது எரியும். வாங்கிய பிறகு நாம் செய்ய அதிகம் ஒன்றுமில்லை. கத்தி அப்படியல்ல. 80 வெள்ளிக் கத்தியை நல்ல கல்லில் அரை மணி நேரம் தீட்டினால், பெட்டியிலிருந்து எடுத்த ஆயிரம் வெள்ளிக் கத்தியைவிட நன்றாக அறுக்கும். ஆகவே கையிலிருக்கும் காசில் பெரும்பங்கு விளக்குக்குப் போகட்டும். கத்திக்குப் போட நினைத்ததில் ஒரு பகுதியைக் கல்லுக்குக் கொடுங்கள்.

பீடோங் போன்ற தோட்டப்புற ஊரில் இது வெறும் ஆசைப் பொருள் பற்றிய பேச்சு அல்ல. கெடாவில் இன்னும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள், இருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும். அதனால் வேலை விடிவதற்கு முன்பே, தலைவிளக்கில்தான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் கார்பைட் விளக்கு செய்த வேலையை இப்போது எல்இடி செய்கிறது. செம்பனைக் காட்டில் இரவு சுற்றிவரும் ஜாகாவுக்கும் (காவலாளிக்கும்), மெர்போக் ஆற்றுப் பக்கம் இரவில் தூண்டில் போடுகிறவருக்கும், மழைக்காலத்தில் மின்சாரம் போய்விடும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கும் விளக்கு வேண்டும். ஆனால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டிய விளக்கு வேறு வேறு.

90,000 லூமன் என்ற பொய்

இந்த எண்ணைக் கணக்கிலேயே உடைத்துவிடலாம். டார்ச்லைட்டில் போடும் லித்தியம் பேட்டரிகளில் அதிகம் புழங்குபவை இரண்டு. 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையது, 21700 என்பது 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். பெயரிலேயே அளவு இருக்கிறது. நல்ல 18650 ஒன்றில் 3,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவு) வரை கிடைக்கும். 21700-இல் 5,000 வரை சாதாரணமாகக் கிடைக்கிறது. சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். 3,000 மில்லி, அதாவது 3 ஆம்பியர் மணியை 3.6-ஆல் பெருக்கினால் 10.8 வாட் மணி. அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு அவ்வளவுதான்.

இன்றைய நல்ல எல்இடி விளக்கு, மின்சுற்றில் போகும் இழப்பையும் சேர்த்து, ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். தாராளமாக 150 என்றே வைத்துக்கொண்டாலும் 90,000 லூமனுக்கு 600 வாட் வேண்டும். 10.8 வாட் மணிப் பேட்டரி அந்த வேகத்தில் 65 வினாடியில் காலியாகிவிடும். அதற்கு முன் இன்னொரு தடை: ஒரு 18650 பேட்டரியால் 600 வாட்டை ஒரு நொடிகூடக் கொடுக்க முடியாது. அந்த 15 வெள்ளி விளக்கு உண்மையில் 200, 300 லூமனைத் தாண்டுவது அபூர்வம். அது மோசமான வெளிச்சம் என்று சொல்லவில்லை. வீட்டுக் கொல்லைக்கு அது போதும். பெட்டி பொய் சொல்கிறது என்பதுதான் விஷயம், ஒரு இடத்தில் பொய் சொன்னவர் பேட்டரியிலும் சொல்லியிருப்பார்.

பேட்டரிப் பொய்யைத் தராசில் பிடிக்கலாம். 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று ஒட்டிய 18650 பேட்டரிகள் தாராளமாக விற்கின்றன. அந்த அளவில் அப்படி ஒரு பேட்டரி உலகத்திலேயே கிடையாது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல 18650 ஏறக்குறைய 45 முதல் 48 கிராம் இருக்கும். 21700 என்றால் 70 கிராம் பக்கம். 30 கிராம் மட்டும் காட்டினால் உள்ளே சரக்கு குறைவு. சிலவற்றில் பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த பேட்டரிக்குப் புதுச் சட்டை போட்டு விற்கிறார்கள். அவை எடை சரியாகக் காட்டும், ஆனால் அரை மணியில் மங்கும். சார்ஜ் ஆகி முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்தால் 4.20 வோல்ட் வரவேண்டும், 0.05 கூடக்குறைய இருக்கலாம். 4.3-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜர் பேட்டரியை அளவுக்கு மீறி அடைக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும் பேட்டரிக்கு அதுவே தொடக்கம்.

மரம் வெட்டுகிறவருக்கு இதே கணக்கு நல்ல செய்தி தருகிறது. கைக்கெட்டும் தூரத்தில் பட்டையைப் பார்க்க 150 லூமன் தாராளம். விடியும்வரை 3 மணி நேரம் என்றால் 450 லூமன் மணி. வாட்டுக்கு 100 லூமன் என்று குறைத்தே வைத்தாலும் 4.5 வாட் மணி போதும். நேர்மையான ஒரு 18650 இரண்டு விடியலுக்கு வரும். தலையில் அவ்வளவு கனத்தைச் சுமக்க வேண்டியதே இல்லை.

பெட்டியில் எதைப் படிப்பது

2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1 என்ற தர அளவை நல்ல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன் விதிகள் தெரிந்தால் பெட்டி வேறு மாதிரி பேசும். லூமனை விளக்கைப் போட்ட 30 வினாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறையும் வரை எண்ணுகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். 21700 பேட்டரியில் 18 வாட் மணி இருக்கிறது, வாட்டுக்கு 100 லூமன் என்றால் சுமார் 1,800 லூமன் மணி. பெட்டியில் ‘1,500 லூமன், 3 மணி’ என்று போட்டிருந்தால், 1,500-ஐ 3-ஆல் பெருக்கினால் 4,500 வருகிறது. அவ்வளவு சரக்கு உள்ளே இல்லை. நடப்பது என்னவென்றால், 1,500 சில நிமிடம்தான் நிற்கும். பிறகு 600 அளவுக்கு இறங்கி மீதி நேரத்தை ஓட்டும். பெட்டி பொய் சொல்லவில்லை, விதிப்படிதான் சொல்கிறது. இருந்தும் இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைத்து வாங்கியவர் ஏமாந்துதான் போவார்.

ஒளி எட்டும் தூரத்துக்கும் விதி உண்டு. முழுநிலவு வெளிச்ச அளவான 0.25 லக்ஸ் எங்கே விழுகிறதோ அதுவரை தூரம். பெட்டியில் போட்ட கேண்டலா (ஒளி ஒரு திசையில் குவியும் வலிமை) எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைத்துவிடும். 10,000 கேண்டலா என்றால் 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமானால் 40,000. தூரம் இரண்டு மடங்காக, கேண்டலா நான்கு மடங்காகவேண்டும். நிலா வெளிச்சத்தில் ஆள் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது. ஜாகா ஒருவர் அடையாளம் காணவேண்டும் என்றால் பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியையே நம்பலாம்.

450 வெள்ளி எங்கே போகிறது

எல்இடி சில்லு விலையில் பெரிய பங்கு இல்லை. நீல எல்இடியைக் கண்டுபிடித்து 2014-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான ஷூஜி நாக்கமுரா, அந்த வேலையைச் செய்தது ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில். இன்று அதே நிச்சியாவின் நல்ல சில்லு ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. காசு போவது சில்லைச் சுற்றியுள்ளவற்றுக்கு.

முதலில் மின்சுற்று. மலிவு விளக்கில் பேட்டரிக்கும் எல்இடிக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. பேட்டரி 4.2 வோல்ட்டில் இருக்கும்போது பளிச்சென்று எரியும், 3.7-க்கு இறங்கும்போது பாதியாகும், பிறகு மெல்ல மெல்லச் சாகும். நல்ல மின்சுற்று, பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கிறது. கடைசிவரை ஒரே வெளிச்சம். 2.8 வோல்ட் பக்கம் வந்ததும் தானே அணைந்து பேட்டரியைக் காப்பாற்றும். வேலை செய்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் கடையில் நின்று போட்டுப் பார்க்கும் ஒரு நிமிடத்தில் இரண்டு விளக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்துக்குத்தான் காசு கொடுக்கவேண்டும்.

அடுத்தது சூடு. எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகிறது. 1,500 லூமனுக்கு 15 வாட் இழுக்கும் விளக்கில் ஏறக்குறைய 10 வாட் சூடு. 150 கிராம் அலுமினிய உடல் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு 30 பாகையிலிருந்து 55 பாகைக்கு ஏற 5, 6 நிமிடம் போதும். நம் ஊர் இரவுக்காற்றே 25 பாகை பக்கம், ஈரம் வேறு. குளிர்நாட்டில் சோதித்த அதே விளக்கு இங்கே இன்னும் சீக்கிரம் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நல்ல விளக்கில் எல்இடியை ஒரு செப்புத் தகட்டில் நேராக ஒட்டி, அந்தத் தகடு உடலோடு இறுக்கமாக உட்காரும்படி கடைந்திருப்பார்கள். மலிவில் எல்இடி மெல்லிய தகட்டில் காற்றில் தொங்கும். உடம்பு சூடாகாது, அதை நல்ல குணம் என்று நினைத்துவிடுகிறோம். சூடு வெளியே வர வழியில்லாமல் எல்இடிக்குள்ளேயே தங்கியிருக்கிறது. சில வாரத்தில் வெளிச்சம் நீலம் பாய்ந்து மங்கும்.

இங்கேதான் அதிக விலை தவறான பக்கம் போகும் ஓர் உதாரணமும் இருக்கிறது. டைட்டேனியம் உடல் போட்ட விளக்குகள் 600, 800 வெள்ளிக்கு விற்கின்றன. டைட்டேனியம் கலவை சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பார்க்க அழகு, துருப்பிடிக்காது. விளக்காக மட்டும் பார்த்தால் 120 வெள்ளி அலுமினிய விளக்கு அதைவிட நீண்ட நேரம் பிரகாசமாக எரியும்.

மூன்றாவது நிறம், தோட்டப்புறத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது. மலிவு எல்இடி நீல வெள்ளை, ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவில் 6,500 கெல்வின். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனான சிஆர்ஐ 70 இருக்கும், சிவப்பு சுத்தமாக அடிபடும். பால்மரத்தின் கீழே காய்ந்த இலை, சுள்ளி, பழுப்பு மண். அதே பழுப்பில் முக்கோண முக்கோணமாகப் புள்ளி போட்ட குழிவிரியன், மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் என்று சொல்வது, அந்த இலைக் குப்பையில் சுருண்டு அசையாமல் கிடக்கும். ஆள் வரும் சத்தம் கேட்டு ஓடுகிற பாம்பு அல்ல அது. வடமலேசியாவின் பால்மரத் தோட்டங்களில் கடிபட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பாம்பு. நீல வெளிச்சத்தில் இலையும் பாம்பும் ஒரே சாம்பல். 4,000 முதல் 4,500 கெல்வினும் சிஆர்ஐ 90-உம் உள்ள எல்இடியில் பழுப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் விழும். செம்பனைப் பழத்தின் செம்மையும், காயத்தில் வழியும் ரத்தமும் தெளிவாகத் தெரியும். அதே மின்சாரத்துக்கு லூமன் கொஞ்சம் குறையும், அது பெரிய நட்டமில்லை. வெளிச்சம் இரண்டு மடங்காகக் கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் வேண்டும், எனவே 20 விழுக்காடு குறைவதைக் கண் கவனிப்பதேயில்லை. என் கணிப்பில், தலைவிளக்கு வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இந்த நிறம்தான். காலில் பூட்ஸ் போடுவது அதற்கும் முன்னால்.

தண்ணீர் புகாமை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு, ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணிக்கு, ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல். நம் மழைக்கு ஐபிஎக்ஸ்7-க்குக் குறைந்து வாங்கவேண்டாம். இழுத்துத் தள்ளும் தலை உள்ள விளக்கில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஈரக்காற்று உள்ளே போகும். ஆடியின் உட்புறம் பனிபோல் படிவது அதனால்தான்.

இவ்வளவும் 80 முதல் 150 வெள்ளிக்குள் கிடைக்கிறது என்பதுதான் கடந்த பத்தாண்டில் நடந்த நல்ல காரியம். கொன்வாய், சோஃபிர்ன், வுர்கோஸ் போன்ற சீன நிறுவனங்கள் நல்ல மின்சுற்று, செப்புத் தகடு, தேர்ந்த எல்இடி மூன்றையும் இந்த விலையில் கொடுக்கின்றன. 15-இலிருந்து 120-க்குப் போவது பெரிய ஏற்றம். 120-இலிருந்து 450-க்குப் போனால் கிடைப்பது சீரான தரச் சோதனை, கீழே விழுந்தாலும் தாங்கும் கட்டு, இருட்டில் தடவிப் போடக்கூடிய நல்ல பொத்தான், பழுதானால் பேச ஆள். இரவு முழுக்கச் சுற்றும் ஜாகாவுக்கும் மீட்புப் பணியில் இருப்பவருக்கும் இவை தகும். ஆண்டுக்குப் பத்து நாள் விளக்கைத் தொடுகிறவருக்குத் தேவையில்லை.

விலை உயர்ந்ததில் ஒரு பொறியும் உண்டு. சில நிறுவனங்கள் பேட்டரியின் இரு முனையையும் ஒரே பக்கத்தில் வைத்து, தங்களுடைய காந்தச் சார்ஜர் மட்டும் வேலை செய்யும்படி அமைக்கின்றன. நான்கைந்து ஆண்டில் பேட்டரி களைத்ததும் அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் மாற்றவேண்டும். அந்த மாடலை நிறுத்திவிட்டால் விளக்கே போச்சு. பொதுவான 18650 அல்லது 21700 பேட்டரி போடும் விளக்கையே தேர்ந்தெடுங்கள். மலிவு விளக்கின் யூஎஸ்பி-சி துளையிலும் ஒரு குறை அடிக்கடி வரும். 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடுகிறார்கள். அதனால் இரு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. விளக்கு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாமல், பழைய அகல முனைச் சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

விட்டு விட்டு எரியும் விளக்குகள் பலவற்றில் மரையில்தான் கோளாறு. பின்மூடியைக் கழற்றி, மரையையும் உடலின் விளிம்பையும் ஆல்கஹால் தொட்ட துணியால் கருப்பு போகத் துடைத்து, ரப்பர் வளையத்துக்கு மட்டும் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். வாசலின் வேண்டாம், அது சில ரப்பர்களை ஊதவைக்கும். மோட்டார் சீட்டுக்கு அடியில் விளக்கைப் போட்டு நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவது பேட்டரியை எல்லாவற்றையும்விட வேகமாகக் கெடுக்கும். வெள்ளத்துக்கென்று எடுத்து வைக்கும் விளக்கு மட்டும் வேறு வகையாக இருக்கட்டும்: மளிகைக் கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடுவது, பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்திருப்பது. உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

கத்தியில் கணக்கு மாறுகிறது

பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சில பத்து வெள்ளிப் பொருள்தான். அது செய்யும் வேலையின் நுணுக்கமோ பெரிது. இடமிருந்து வலமாக 30 பாகைச் சரிவில், ஒன்றரை மி.மீ. கனத்துக்குப் பட்டையைச் சீவவேண்டும். உள்ளே உயிர்ப்படலத்துக்கு ஒரு மி.மீ. அளவு முன்னாலேயே நிற்கவேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். படலத்தில் பட்டால் மரத்தில் முண்டு எழும்பி, புதுப்பட்டையில் மறுபடி வெட்ட முடியாமல் போகும். இவ்வளவு துல்லியம் அந்தக் கத்திக்கு எஃகின் விலையிலிருந்து வரவில்லை. தினமும் மெல்லிய கல்லில் தீட்டுவதால் வருகிறது. மரம் வெட்டிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தக் கைப்பழக்கம் இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

விலை உயர்ந்த கத்தியில் எஃகின் பெயரைத்தான் முதலில் விற்கிறார்கள். அந்தப் பெயர்களில் உண்மை இருக்கிறது, ஆனால் எண்களை மேலோட்டமாகப் படித்தால் ஏமாறுவோம். நம் ஈரத்தில் துருதான் முதல் கவலை, துருவைத் தடுப்பது குரோமியம். டி2 என்ற எஃகில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. 2021-இல் வந்த மெக்னாகட் எஃகில் 10.7 மட்டுமே. எண்ணைப் பார்த்தால் டி2-தான் துருப்பிடிக்காது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. டி2-இல் கார்பன் 1.5 விழுக்காடு. அது குரோமியத்தைப் பிடித்து இழுத்துக் கடினமான கார்பைடுத் துகளாகக் கட்டிவிடுகிறது. கட்டுண்ட குரோமியத்தால் துருவைத் தடுக்க முடியாது. மெக்னாகட்டை வடிவமைத்த லாரின் தாமஸ், கார்பனைப் பிடித்துக்கொள்ள வெனேடியமும் நியோபியமும் போட்டு, குரோமியத்தைக் கட்டில்லாமல் விட்டார். ஆகவே இளநீர் வெட்டி, எலுமிச்சை அறுத்து, கழுவாமல் வைத்தால் டி2 மறுநாள் புள்ளி போடும், மெக்னாகட் போடாது.

இந்த உயர்ந்த எஃகுகள் விலையேற இன்னொரு காரணம் செய்முறை. உருகிய எஃகை வாயுவால் ஊதித் தூளாக்கி, அந்தத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி கட்டியாக்குகிறார்கள். கார்பைடுகள் பொடிப்பொடியாக எங்கும் சமமாகப் பரவும். கூர் நீண்டநாள் நிற்கும். அதே காரணத்தால் பட்டறையிலும் தேய்க்கக் கடினம், வீட்டிலும் தீட்டக் கடினம். வெனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. கல் தோற்கும், கத்தி மழுங்கியே இருக்கும். வைரத்தகடு வேண்டும். 900 வெள்ளிக் கத்தியை வாங்கி 8 வெள்ளிக் கல்லில் தேய்த்து அலுத்துப்போனவர்கள் பலர்.

எஃகுக்கு முன்னால் வருவது வடிவம். வெட்டும்போது பொருளுக்குள் நுழைவது கத்தியின் பெயர் அல்ல, அதன் ஆப்பு வடிவம். விளிம்புக்குச் சற்றே பின்னால் கனம் 0.3 முதல் 0.5 மி.மீ. இருந்தால் கேரட் சத்தமில்லாமல் அறுபடும், 1 மி.மீ. இருந்தால் பிளந்து உடையும். முரட்டுத்தோற்றம் உள்ள பல விலையுயர்ந்த மடக்குக் கத்திகள் 4 மி.மீ. கனத்தோடு வருகின்றன. அவை வெங்காயத்தை நெம்பும், அறுக்காது. சுவீடனின் மோரா கம்பேனியன் 2.5 மி.மீ. கனம், நூறு வெள்ளிக்குள், துருப்பிடிக்கா எஃகிலும் கிடைக்கும். தோட்ட வேலைக்கும் மீன் ஆயவும் அதை மிஞ்ச விலையால் மட்டும் முடியாது. சுவிஸ் விக்டோரினொக்ஸ் கத்திகளின் எஃகு கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 பக்கம், மென்மைதான். ஆனால் எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் கூர் வந்துவிடும். பிரான்சின் ஒப்பினல் மெல்லியது, அருமையாக அறுக்கும். ஒரே தொல்லை, அதன் மரப்பிடி நம் மழைக்காலத்தில் ஊதி, கத்தியைத் திறக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும்.

12 வெள்ளிக் கத்தியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கார்பன் 0.3 விழுக்காடு பக்கம் உள்ள எஃகு, கூர் நிற்காமல் மடங்கும். அதைவிட ஆபத்து பூட்டு. மடக்குக் கத்தியைத் திறந்து, முதுகை மரத்தில் இரண்டு தட்டு தட்டினால் பூட்டு நழுவும். வேலையில் அது நழுவும்போது நடுவில் இருப்பது விரல்கள். பூட்டுக்கு மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், முடியாவிட்டால் மடக்காத கத்தியே வாங்கிவிடுங்கள்.

தீட்டும் முறை இதுதான். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (நைசு) உள்ள வைரத்தகடு ஒன்று, சுமார் 50 வெள்ளி. கூர்விளிம்பின் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுங்கள். கத்தி 25 மி.மீ. அகலம் என்றால் முதுகைத் தகட்டிலிருந்து 6.5 மி.மீ. தூக்கினால் 15 பாகை. ஓரிரு முறை இழுத்துவிட்டுக் கறுப்பைப் பாருங்கள். விளிம்பருகே கறுப்பு மிஞ்சியிருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, விளிம்பில் மட்டும் போயிருந்தால் உயர்ந்திருக்கிறது. 400-இல் ஒரே பக்கத்தைத் தேய்த்து, மறுபக்கத்தில் கட்டைவிரலைக் குறுக்காகத் தடவினால் நுனி முதல் அடிவரை ஒரு மெல்லிய பிசிறு சிக்கவேண்டும். அது வரும்வரை பக்கம் மாற்றாதீர்கள், பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். பிறகு மறுபக்கம். அதன்பின் 1000-இல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் கத்தியின் சொந்தக் கனம் மட்டும் போதும். பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கிப் பத்து இழுப்பு. நாளிதழ்த் தாளைப் பிடித்துக் கீறினால் கிழியாமல் அறுபடவேண்டும்.

சந்தையில் சக்கரத்தில் தீப்பொறி பறக்கத் தீட்டித் தருகிறவரிடம் நல்ல கத்தியைக் கொடுக்கவேண்டாம். விளிம்பில் நீல நிறம் ஏறினால் அங்கே ஏறக்குறைய 300 பாகைச் சூடு பட்டிருக்கிறது. கார்பன் எஃகின் பதம் அந்த இடத்தில் போய்விட்டது. பார்க்கப் பளபளக்கும், இரண்டு நாளில் மழுங்கும்.

பாராங் என்ற காட்டுக்கத்தி விஷயத்தில் விலையேறியதை வாங்காமல் இருப்பதே நல்லது. லோரி ஸ்பிரிங் பட்டையில் உலைக்காரர் அடித்துத் தரும் பாராங்கில் கார்பன் 0.6 விழுக்காடு அளவு. கல்லில் பட்டால் விளிம்பு மடங்கும், உடையாது. அரத்தால் நான்கு இழுப்பில் சரியாகிவிடும். 61 ராக்வெல் கடினத்தில் உள்ள உயர்ந்த எஃகு புல்லுக்குள் மறைந்த கம்பியில் பட்டால் பல்லாகப் பெயரும், அதைச் சரிசெய்ய மணிக்கணக்காகும். வாங்கும்போது அரத்தை விளிம்பில் வைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மிகக் கடினம், வெண்ணெய்போல் கடித்தால் பதமே ஏற்றவில்லை. தயங்கித் தயங்கிக் கடிப்பதுதான் சரியான பாராங்.

அப்படியென்றால் உயர்ந்த கத்தி யாருக்கு? மெர்போக் முகத்துவாரத்தின் உப்புத் தண்ணீரில் வாரம் மூன்று நாள் நிற்கிறவருக்கு எல்சி200என் போன்ற, கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எஃகு உண்மையில் பயன் தரும். கழுவ மறந்தாலும் துரு வராது. நாள் முழுக்க அட்டைப்பெட்டி அறுக்கும் கிடங்கு வேலைக்காரருக்கு நீண்டநாள் நிற்கும் கூர் நேரத்தை மிச்சப்படுத்தும். 400 அமெரிக்க டாலருக்கு மேல் விற்கும் கிறிஸ் ரீவ் செபன்சா போன்ற கத்தியில் பாகங்கள் பொருந்தும் விதம் தனி அழகு, அதை ரசித்து வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் மீன் அதில் வேகமாக அறுபடாது. குண்டு பேரிங்கில் சுழலும் மடக்குக் கத்திகள் கடையில் வழுக்கிக்கொண்டு திறக்கும். தோட்டத்துச் சேறும் மணலும் உள்ளே போனால் அதே பேரிங் அரைக்கத் தொடங்கும். வேலைக்கு வெண்கல வளையம் போட்டதே மேல். எதுவானாலும் தோலுறையில் வைத்தபடி மாதக்கணக்கில் விடவேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வெளியே வையுங்கள்.

வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருப்பதையும் கணக்கில் சேர்க்கும்போது பொறுமை வேண்டும். பழுதை வெளிநாட்டுக்கு நம் செலவில் அனுப்பவேண்டும். கத்தியையும் லித்தியம் பேட்டரியையும் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் வேறு. சுங்கைப்பட்டாணியில் கடை வைத்திருப்பவர் ஓராண்டு கைமேல் மாற்றித் தருவார் என்றால், பல சமயம் அதுவே பெரிது.

வாங்கிய கத்தியை எங்கே வைத்துக்கொண்டு போகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 1958-ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாய ஆயுதங்கள் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது சிறையும் பிரம்படியும் வரக்கூடிய குற்றம். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகளை விற்பதற்கே தடை இருக்கிறது, பாசார் மாலாமில் அவை கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள். காட்டுக்குப் போகும்போது பாராங்கும் பால் கத்தியும் கூடையில் வாளியோடும் பால் பிடிக்கும் மங்கோடும் இருந்தால் அது வேலைக் கருவி. அதே பாராங்கை இரவு ஒட்டுக்கடைக்குப் போகும்போது மோட்டாரில் செருகிக்கொண்டு போனால் சாலைத் தடுப்பில் விளக்கம் சொல்வது கடினம். காட்டிலிருந்து திரும்பியதும் மோட்டாரிலிருந்து இறக்கி, கழுவித் துடைத்து, வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.